உப்புத் தண்ணீர் காயும் முன்னே

காரைக் கழுவி முடித்த கையோடு பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். ஈரத்தில் எந்த பெயின்டும் அழகு. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். கருப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டியாக இருந்தால் பானெட்டிலும் கூரையிலும் டிக்கி மூடியிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதே தண்ணீரை மறுபடி ஊற்றுகிறவர்கள் உண்டு. வட்டங்கள் கூடத்தான் செய்யும். அது வண்டியில் இருந்த அழுக்கு இல்லை. கழுவிய தண்ணீர் விட்டுவிட்டுப் போனது.

கார் பராமரிப்பு என்றால் ஷாம்பு, பாலிஷ், இப்போது செராமிக் கோட்டிங் என்றுதான் பேச்சு ஓடுகிறது. துடைப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பெயின்டைக் கெடுக்கும் இரண்டு சங்கதிகளான உப்புக் கறையும் மெல்லிய கீறலும், கழுவி முடித்த பிறகு வரும் பத்து நிமிடத்தில்தான் பெரும்பாலும் நேர்கின்றன. அந்தப் பத்து நிமிடத்துக்கென்றே டிரையிங் எய்டு என்ற பெயரில் ஒரு திரவம் விற்கிறது. ஸ்ப்ரே வேக்ஸ், குயிக் டீடெய்லர் என்ற பெயர்களில் விற்பவையும் இதே வேலைக்கு உதவும். ஈரமாக இருக்கும் வண்டி மேலேயே தெளித்து, உடனே துண்டால் துடைத்துவிட வேண்டும். இது என்ன செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் காசும் மிஞ்சும், பெயின்டும் பிழைக்கும்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். நம் ஊரில் கார் கழுவ நல்ல தண்ணீரை வாரி இறைக்க முடியாது, இறைக்கவும் கூடாது. போர் தண்ணீர்தான் கதி. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தர விதி. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து தண்ணீருக்குத் தரும் மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600 என்று தனி வரம்பு. குடிக்கிற தண்ணீருக்கே இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள். சென்னைப் புறநகரிலும் கொங்கு நாட்டுப் பாறை நிலத்திலும் ராமநாதபுரம் பக்கமும் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது புதுமையில்லை.

ஆயிரம் என்றே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழுவி முடித்தபின் வண்டி மேல் துளித்துளியாக அரை லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடைக்காமல் காயவிட்டால் அரை கிராம் உப்பு பெயின்ட் மேல் தங்கிவிடும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. வாரம் ஒருமுறை கழுவினால் வருடத்துக்கு இருபத்தைந்து கிராமுக்கு மேல். அதில் ஒரு பங்கு அடுத்த கழுவலில் கரைந்து போனாலும், கரையாத பங்கு அங்கேயே உட்கார்ந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

கறை ஏன் வட்டமாக விழுகிறது என்பதற்கும் விடை உண்டு. காய்ந்துபோன காபித் துளியின் ஓரம் மட்டும் ஏன் கருப்பாக இருக்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1997இல் விளக்கினார்கள். துளியின் ஓரம் மெல்லியது என்பதால் அங்கே தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. கலந்திருப்பதையெல்லாம் கூடவே கொண்டுபோய் ஓரத்தில் கொட்டுகிறது. பானெட் மேல் நிற்கும் உப்புத் தண்ணீர்த் துளிக்கும் இந்த ஓட்டம் உண்டு. ஆகவேதான் விளிம்பு தடித்த வளையம்.

எல்லா உப்பும் ஒரே குணம் கொண்டதில்லை. சோடியம் உப்புகள் ஈரத் துணி பட்டாலே கரைந்துவிடும். கால்சியம் பைகார்பனேட்டின் சேதி வேறு. தண்ணீரில் கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. காயும்போது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக மாறிவிடும். பிறகு வெறும் தண்ணீருக்கு மசியாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் கீசருக்குள்ளும் படிவது இதுவேதான். மூன்றாவதாக சிலிக்கா. பாறை நிலத்துத் தண்ணீரில் இது கலந்து வரும். காய்ந்து கெட்டியாகிவிட்டால் வினிகருக்கும் அசையாது.

பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாஃப்ட்னர் வைத்திருக்கிறார்கள். அதனால் கறை வராது என்று நம்புகிறார்கள், பாதிதான் சரி. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. மொத்த உப்பு குறைவதில்லை, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் எண் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கும். வண்டியில் வெள்ளைப் புள்ளி வரத்தான் செய்யும். ஆனால் அது எளிதில் கரையும் புள்ளி, அடுத்த முறை துடைத்தால் போய்விடும். அந்த அளவுக்கு லாபம்தான்.

வெயிலில் நிற்கும் துளி பூதக்கண்ணாடி போல ஒளியைக் குவித்து பெயின்டைச் சுட்டுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. தட்டையான பரப்பில் படிந்து நிற்கும் துளியின் குவியம் அந்தப் பரப்புக்கும் கீழே எங்கோ விழுகிறது. சுடுமளவுக்கு ஒளி மேலே குவிவதில்லை. வெயில் செய்யும் கெடுதல் வேறு. சூடான தகட்டில் தண்ணீர் உங்கள் கைக்கு முந்திக்கொண்டு காய்கிறது. உப்பு அடர்த்தியாகி, சூட்டில் இளகிய பெயின்டின் மேற்பூச்சைக் கவ்விக்கொள்கிறது. அதையே பல நாள் விட்டுவிட்டால், உப்பை நீக்கிய பிறகும் பெயின்டில் வளையமாகத் தடம் நிற்கும். ஆகவே காலை ஏழு மணிக்கு முன்னால் அல்லது மாலை வெயில் சாய்ந்தபின் நிழலில் கழுவுங்கள். வெளியே போய்விட்டு வந்த வண்டி என்றால், பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடு ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

காயவிடக் கூடாது என்றால் துடைத்துத்தான் ஆக வேண்டும். துடைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்ற பூச்சு இருக்கும். பளபளப்பெல்லாம் அதனுடையது. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத மணல் துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருக்கும். அதன் மேல் துணியை அழுத்தி இழுத்தால் அந்தத் துகளே கிளியர் கோட்டைக் கீறும். ஒரு கீறல் கண்ணில் படாது. இரண்டு வருடம் இப்படியே துடைத்த கருப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள்: சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆயிரக்கணக்கான கீறல்கள். பாலிஷ் போட்டால் அவை மறையும் என்பது உண்மை. கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டைச் சீவித்தான் பாலிஷ் அதை மறைக்கிறது என்பதும் உண்மை. சீவச் சீவ மிச்சம் குறையும்.

எந்தத் துணியால் துடைக்கிறோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. ஒர்க்‌ஷாப்களில் கிலோக் கணக்கில் வாங்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட், எண்ணெய்க் கையைத் துடைக்கவும் இன்ஜினைத் துடைக்கவும் அருமையான துணி. ஆனால் அதில் தையல் மடிப்பும் தடித்த நூலும் வரும். பெயின்டில் படக் கூடாது. பழைய லுங்கி, துண்டு, மஞ்சள் துணி எல்லாம் பருத்தி. தண்ணீரை உறிஞ்சும், ஆனால் தட்டையான நெசவு என்பதால் மணல் துகள் உள்ளே போய் ஒளிய இடமில்லை. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவிலேயே அது உருளும். ஷாமி தோல் என்று விற்பது முன்பு ஒரு மலையாட்டின் தோல். இப்போது பெரும்பாலும் மீன் எண்ணெயில் பதனிட்ட செம்மறித் தோல். காய்ந்தால் அட்டை போல விறைத்து, நனைத்தால் மெத்தென்று ஆகிற செயற்கை ஷாமியும் உண்டு. இரண்டும் தண்ணீரை வழித்து எடுப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆனால் பரப்பு வழவழ என்பதால் துகளுக்கு ஒளிய இடம் இவற்றிலும் இல்லை.

மைக்ரோஃபைபர் துண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த இழை. பெரும்பாலும் எண்பதுக்கு இருபது அல்லது எழுபதுக்கு முப்பது என்ற விகிதம். 9000 மீட்டர் நீள இழையை நிறுத்தால் ஒரு கிராம்கூட வராத அளவுக்கு மெல்லியது. ஒவ்வொரு இழையும் நீளவாக்கில் பிளக்கப்பட்டிருப்பதால் இடுக்குகள் ஏராளம். தண்ணீர் அந்த இடுக்குகளில் ஏறிக்கொள்கிறது, துகளும் உள்ளே போய்விடுகிறது. கார் துடைக்கவென்று முறுக்கிய வளைய நூல்களால் நெய்த பெரிய துண்டு கிடைக்கிறது. ஒரு நடுத்தர வண்டியைப் பிழியாமலே ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிடலாம். டிரையிங் எய்டு வாங்குவதற்கு முன்னால் இந்தத் துண்டு இரண்டு வாங்குங்கள். மட்டமான துணியை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த திரவத்தைத் தெளிப்பதில் பயனில்லை.

இனி அந்தத் திரவத்துக்கு வரலாம். பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் சிறு அளவில் சிலிக்கோன் அல்லது வேறு பாலிமர், சிலவற்றில் மெழுகு, சிலவற்றில் சிலிக்கா சார்ந்த சேர்மம், இவற்றைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் சர்ஃபாக்டன்ட். தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரின் அட்டையைப் படித்தால் அமோடைமெத்திக்கோன் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். அது அமினோ சிலிக்கோன் வகை. பல டிரையிங் எய்டுகளிலும் இருப்பது இந்தக் குடும்பம்தான். ஈரமான முடியில் சீப்பு சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக எது காரணமோ, அதுவே ஈரமான பெயின்டில் துண்டு வழுக்கிக்கொண்டு போகவும் காரணம்.

வெளிநாடுகளில் வண்டியைப் பட்டையில் ஏற்றிச் சுரங்கம் போன்ற கூடத்துக்குள் அனுப்பிக் கழுவும் நிலையங்களில் வேறொரு வேதியியலும் சேர்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட சர்ஃபாக்டன்டையும் எண்ணெயையும் கலந்து தெளிப்பார்கள். ஈரமான பெயின்டின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். நேர்மின் தலை பெயின்டைப் பிடித்துக்கொள்ள, எண்ணெய்த் தன்மையுள்ள வால் வெளியே நீட்டி நிற்கும். தண்ணீருக்குப் பிடிமானம் போய்விடும். கூடத்தின் கடைசியில் வீசும் காற்று மிச்சத்தைத் தள்ளிவிடும். மனிதக் கை படாமல் உலர்த்துவதற்காக வந்த ஏற்பாடு இது. கையால் துடைக்கிற நமக்குத் தேவை அதைவிடச் சற்று வேறு.

கையால் துடைப்பவருக்கு டிரையிங் எய்டு மூன்று உதவி செய்கிறது. துண்டுக்கும் பெயின்டுக்கும் இடையில் வழுக்கலைக் கூட்டி உராய்வைக் குறைக்கிறது. தண்ணீர் பெயின்டை விட்டுச் சீக்கிரம் விலகத் துணை நிற்கிறது. துடைத்தபின் ஒரு மெல்லிய படலத்தை விட்டு வைக்கிறது. அதனால் மினுமினுப்பும் கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் ஒட்டாத தன்மையும் வருகின்றன. பாட்டிலின் அட்டை மூன்றாவதைத்தான் பெரிய எழுத்தில் சொல்கிறது. எனக்கு முதலாவதுதான் பெரிது. மினுமினுப்பு ஒரு மழையில் போய்விடும். போடாத கீறல் வண்டியின் ஆயுள் முழுக்கப் போடாத கீறல்தான்.

மெழுகு சேர்ந்தவற்றில் கார்னோபா என்ற பெயர் வரும். அது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு. வறண்ட நிலத்தில் ஓலையின் ஈரம் வெளியே போகாமல் காப்பதற்காக மரமே சுரந்துகொள்வது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் உருகும் என்பதால் நம் வெயிலில் நிற்கும் பானெட்டிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஸ்ப்ரே பாட்டிலில் இருக்கும் கார்னோபா மிகக் கொஞ்சம். டப்பாவில் கெட்டியாக வரும் மெழுகின் வேலையை அது செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தாமரை இலையில் தண்ணீர் ஓடுவதுபோல உங்கள் காரில் ஓடும் என்று விளம்பரங்கள் சொல்வதையும் கொஞ்சம் அளந்து பார்க்க வேண்டும். தாமரை இலையில் தண்ணீர்த் துளி ஏறக்குறைய 160 பாகைக் கோணத்தில், முழு உருண்டையாக நிற்கிறது. மெழுகு மட்டும் அதற்குக் காரணமில்லை; இலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் நிறைந்திருப்பதால் துளி மேட்டு நுனிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஜெர்மனியின் பான் நகர தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் விளக்கிய சங்கதி இது. கார் பெயின்ட் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. வழவழப்பான பரப்பில் எந்தப் பூச்சும் 120 பாகையைத் தாண்டுவதில்லை. ஆகவே கதவிலும் சரிவிலும் தண்ணீர் உருண்டு ஓடும். கூரையிலும் பானெட்டிலும் முத்து முத்தாக நின்றுவிடும். அந்த முத்துகளில் சூழ்ச்சி இருக்கிறது. பரந்து கிடக்க வேண்டிய தண்ணீர் சிறிய இடத்தில் உயரமாக நிற்பதால், காய்ந்தால் அவ்வளவு உப்பும் அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே இறங்கும். மெழுகு போட்ட வண்டிக்கும் செராமிக் கோட்டிங் போட்ட வண்டிக்கும் துடைப்பு தேவையில்லை என்று நினைப்பது தவறு. உப்புத் தண்ணீர் ஊரில் அவற்றுக்குத்தான் இன்னும் அக்கறையாகத் துடைப்பு தேவை.

செய்முறை கடினமில்லை. ஷாம்பு நுரை போன பிறகு, கடைசி அலசலுக்குப் பீய்ச்சும் குழல்முனையைக் கழற்றிவிட்டு, வெறும் ஹோஸிலிருந்து மெதுவாக ஒழுகும் தண்ணீரைக் கூரையின் மேலிருந்து வழியவிடுங்கள். பீய்ச்சினால் தண்ணீர் துளித்துளியாகச் சிதறி நிற்கும். வழியவிட்டால் ஒரே படலமாக இறங்கி, இறங்கும்போது நின்ற துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். ஹோஸ் இல்லாதவர்கள் செம்பால் மேலிருந்து நிதானமாக ஊற்றினாலும் இது நடக்கும். துடைக்க வேண்டிய தண்ணீரில் பாதிக்கு மேல் இப்படியே இறங்கிவிடும், செலவு எதுவும் இல்லை.

பிறகு ஒவ்வொரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் பாதி, பானெட்டில் பாதி, ஒரு கதவு என்ற அளவில். அந்த இடத்தில் ஒன்றிரண்டு தெளிப்பு போதும். முழு வண்டிக்கும் முன்கூட்டியே தெளித்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தால், நம் வெக்கையில் கடைசிக் கதவுக்குப் போவதற்குள் அது திட்டாகக் காய்ந்திருக்கும். துண்டை விரித்துப் போட்டு, இரு முனைகளையும் பிடித்து, அழுத்தாமல் உங்களை நோக்கி இழுங்கள். துண்டின் எடையே போதும். வட்டமாகத் தேய்க்க வேண்டாம், ஒரே திசையில் இழுங்கள். வெயில் படும் இடங்கள் முதலில் காயும் என்பதால் கூரை, பானெட், டிக்கி, அதன் பிறகு கதவுகள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரின் அடியும் கடைசி. அங்கேதான் மண் அதிகம். அங்கே பட்ட துண்டு மறுபடி மேலே வரக் கூடாது. கீழே விழுந்த துண்டும் அப்படியே. உதறிவிட்டுத் தொடரலாம் என்று தோன்றும்; வேண்டாம், அடுத்த துண்டை எடுங்கள்.

முதல் துண்டு போன பிறகு இலேசான ஈரப் படலம் தெரியும். காய்ந்த சிறிய மைக்ரோஃபைபர் துணியால் அதை ஒருமுறை வருடிவிட்டால் முடிந்தது. திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நீங்கள் தெளித்தது அதிகம் என்று அர்த்தம். அடுத்த முறை பாதி போடுங்கள். இந்தத் திரவத்தில் அதிகம் போட்டால் அதிகம் பலன் என்ற கணக்கு இல்லை.

சைடு மிரருக்குள், கதவுக் கைப்பிடிக்குள், பெட்ரோல் மூடிக்குள், நம்பர் பிளேட்டின் பின்னால், கம்பெனிச் சின்னத்தின் இடுக்கில் எல்லாம் தண்ணீர் ஒளிந்திருந்து, துடைத்து முடித்தபின் கோடாக வழியும். கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடிவிட்டு, ஓரங்களை இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். இலை ஊதும் புளோவர் வைத்திருப்பவர்கள் அந்த இடுக்குகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினாலே பெரிய உதவி.

எங்கே தெளிக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. பிரேக் டிஸ்க்கில் படவே கூடாது. அலாய் வீலுக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் துணியில் தெளித்துத் துணியால் துடையுங்கள், நேராக வீலில் அடிக்காதீர்கள். பைக்கில் இன்னும் கவனம் வேண்டும்: டிஸ்க், டயர், சீட், கால் வைக்கும் இடம், கைப்பிடி எதிலும் வழுக்கல் கூடாது. முன் கண்ணாடியிலும் வேண்டாம். சிலிக்கோன் படிந்த கண்ணாடியில் வைப்பர் தடதடக்கும். இரவு மழையில் எதிர் வண்டியின் விளக்கு மங்கலாகப் பரவி வழி தெரியாமல் போகும். கண்ணாடிக்குத் தனித் துணி வைத்துக்கொள்வது நல்லது. மேட் பெயின்ட் வண்டிக்கு மினுமினுப்பு கூட்டும் வகை ஆகாது. டிங்கரிங் முடிந்து பெயின்ட் அடிக்க வண்டியை விடப்போகிறீர்கள் என்றால் சிலிக்கோன் போட்டிருப்பதைப் பெயின்டரிடம் சொல்லிவிடுங்கள். சரியாக நீக்காவிட்டால் புதுப் பெயின்டில் மீன் கண் போலக் குழி குழியாக விழும்.

வீட்டில் இருப்பதை வைத்தே செய்துகொள்ளலாமா என்று கேட்பார்கள். கண்டிஷனர் ஒரே குடும்பம் என்றாலும், அதில் சேர்த்திருக்கும் கொழுப்புப் பொருள்கள் பெயின்டில் மங்கலாகப் படியும். துணிக்குப் போடும் மென்மையூட்டியிலும் நேர்மின் சர்ஃபாக்டன்ட் உண்டு. ஆனால் அது மைக்ரோஃபைபரின் இடுக்குகளை அடைத்து, துண்டு தண்ணீரையே உறிஞ்சாமல் செய்துவிடும். அதனால் துண்டைத் துவைக்கும்போதும் அதைச் சேர்க்கக் கூடாது; இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சோப்பு நீர் போதும், பருத்தித் துணியோடு சேர்த்துப் போட வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும் சில இடங்களில் கடைசியில் டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைத்துப் பளபளப்புக் காட்டுவதுண்டு. அன்று மாலை வரைதான் அந்த அழகு. பிசுபிசுப்பில் தூசு ஒட்டும், ரப்பர் பீடிங் ஊதிக் கெடும். வண்டியை விடும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலசத் தேவையில்லாமல் ஒரு பக்கெட் நீரில் கலந்து துடைக்கும் ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக டிரையிங் எய்டே தேவையில்லை. அதையே அட்டையில் சொன்ன அளவுக்கு நீர் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் இந்த வேலைக்கும் ஆகும்.

என்னைக் கேட்டால், டிரையிங் எய்டைவிட ஒரு பக்கெட் உப்பில்லாத தண்ணீர் பெரிய உதவி. டிரையிங் எய்டு உப்பை எடுக்காது. துண்டு எடுக்காமல் விட்ட துளி எதுவோ அது கறையாகத்தான் காயும். கடைசி அலசலுக்கு மட்டும் பத்து லிட்டர் நல்ல நீர் கிடைத்தால், துடைக்கத் தவறிய இடத்திலும் கறை விழாது. வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வந்தது. ஏறக்குறைய காய்ச்சி வடித்த நீர். குடிக்க ஆகாது, வண்டி அலசத் தங்கம். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஓர் இரவிலேயே நல்ல அளவு சேரும். துணியில் வடிகட்டிக் கேனில் பிடித்து வையுங்கள். மொட்டை மாடியில் பிடித்த மழைநீரும் நல்லதே, முதல் மழையைத் தள்ளிவிட்டுப் பிடித்திருந்தால்.

ஆர்.ஓ. கழிவு நீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவும் வீடுகள் நிறைய. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் உயர்ந்தது. ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிற இயந்திரத்தில் அப்படிச் சேர்ப்பதுதான் முறை. ஆனால் அந்த நீர், உள்ளே வந்த தண்ணீரின் உப்பையும் சுமந்துகொண்டு வெளியேறுவது. மூலத் தண்ணீரைவிட உப்பு கூடியது. மண்ணைக் கரைக்கும் முதல் அலசலுக்கும் சக்கரத்துக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் வேண்டாம். எந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்க, சில நூறு ரூபாய்க்குப் பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. போர், லாரித் தண்ணீர், ஆர்.ஓ. கழிவு, ஏ.சி. தண்ணீர் நான்கையும் நான்கு டம்ளரில் எடுத்து ஒருமுறை அளந்து பார்த்தால் எதை எங்கே ஊற்றுவது என்று பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

ஏற்கெனவே கறை பிடித்த வண்டி என்றால், முதலில் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், ஆறிய தகட்டில், நனைத்த துணியை ஓரிரு நிமிடம் போர்த்தி வைத்து எடுங்கள். சுண்ணாம்பு கரையும். உடனே ஷாம்பு போட்டு அலசி, துடைத்துவிடுங்கள். போர்ட்டிகோவில் மார்பிளோ மொசைக்கோ போட்டிருந்தால் வெளியே நிறுத்திச் செய்யுங்கள், வினிகர் அதையும் அரிக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொட்டுத் தேய்க்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குரோம் பட்டையையும் அலுமினியத்தையும் தின்றுவிடும். வினிகருக்கும் போகாத வளையம் சிலிக்காவாகவோ கிளியர் கோட்டில் இறங்கிய தடமாகவோ இருக்கும். அதற்குப் பாலிஷ்தான் வழி, அதையும் தெரிந்தவர் கையில் கொடுப்பது நல்லது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதச் சம்பளத்துக்கு விடியற்காலையில் வந்து வண்டி துடைப்பவர்தான் பலருடைய காரைத் தொடும் கை. ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு துணியும் வைத்துக்கொண்டு வரிசையாகப் பல வண்டிகளை முடிக்க வேண்டிய நிலை அவருக்கு. முதல் வண்டியின் மணல் கடைசி வண்டி வரை அந்தத் துணியிலேயே பயணம் செய்கிறது. அவரைக் குறை சொல்லிப் பலனில்லை. அந்தச் சம்பளத்தில் அவர் மைக்ரோஃபைபர் வாங்க முடியாது. உங்கள் வண்டிக்கென்று இரண்டு துண்டும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் நீங்களே வாங்கி, பெயர் எழுதிக் கொடுங்கள். தினமும் துடைப்பதற்குப் பதிலாக வாரம் இரண்டு நாள், தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்த பிறகு துடைத்தால் போதும், சம்பளம் அதேதான் என்று சொல்லுங்கள். ஒருநாள் சீக்கிரம் எழுந்து, எங்கே எவ்வளவு தெளிப்பது, துண்டை எப்படி இழுப்பது, பிரேக் பக்கம் ஏன் போகக் கூடாது என்று கூட நின்று காட்டுங்கள். துண்டு அழுக்கானால் மாற்றித் தருகிறேன், கேளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவராக வந்து கேட்கத் தயங்குவார்.